டீயோடு நான் கொடுத்த மாத்திரை

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகும் பாதையில் எனக்கு டீக்கடை. எங்கள் தெரு மதுக்கடையை மூடச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள் நான்.

உப்பு வாரும் பேச்சியம்மாள் தினமும் காலையில் கடைக்கு வருவாள். "யக்கா, டீயோட ஒரு வலி மாத்திரையும் தா. அது போடலன்னா கை ஓட மாட்டேங்கு" என்பாள். ஒன்று இரண்டாகி, மூன்றானது. பாவம், இடுப்பு வலிதானே என்று நானும் அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

போன கோடையில் உப்புப் பாத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். ஆட்டோ பிடித்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "போதைப் பழக்கம் ஏதும் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் ஆம்பிளையளப் பாத்துக் கேளுங்க. எங்க பொம்பளையளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்துப் பேச்சியம்மாள் கண் திறந்தாள். கையை என் பக்கம் நீட்டி, "யக்கா, மாத்திரை கொண்டாந்தியா?" என்றாள். டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். இப்போது என் கடையில் மாத்திரை கிடையாது. வலி என்று வருகிறவர்களை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறேன். போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கடையில் வாங்கிப் போடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

அதனால், கடைகளில் வலி மாத்திரை விற்பதைத் தடுக்கச் சொல்லி மறுபடியும் மனு எழுதியிருக்கிறேன். மாத்திரை விற்ற கடைகள் என்று நான் கொடுத்திருக்கும் பட்டியலில், முதல் கடை என்னுடையது.