கிரேஸ் டீச்சர் பெரட்டுக்கு வந்த காலை

கிரேஸ் டீச்சர் போய்விட்டார். இன்று காலை, செனாவாங் வீட்டில்...

வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்கு "சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர்" என்று எழுதுகிறார்கள். யாரைப் பற்றி எழுதுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த டீச்சர் சரியான சண்டைக்காரி.

அவர் அன்று போட்ட ஒரு சண்டை இல்லையென்றால் என் மகள் தேவி இன்று என்னோடு இருந்திருக்க மாட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். யாரும் "பாவம்" என்று கமென்ட் போட வேண்டாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். தேவிக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. கையை உதறுவாள், அலறுவாள், யாராவது பிடித்தால் கடிப்பாள்.

எஸ்டேட் பிள்ளைக் கொட்டகை ஆயா, "இனிமே இத இங்க கொண்டாராத" என்று சொல்லிவிட்டார். கோயிலில் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சொந்தக்காரர்கள் ஏதாவது ஹோமில் விட்டுவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்று நான் அவளை ரப்பர் காட்டுக்கே கூட்டிப்போனேன். அவள் மரத்தில் பால் வடியும் மங்குகளைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவாள்... எங்களை வேலை வாங்கும் மண்டோர் கத்துவார்.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிதான் சொன்னார், சிரம்பானில் ஒரு பல்கலைக்கழகம் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு மையம் திறந்திருக்கிறது என்று. ஆட்டிசம் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டேன்.

மையம் என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். இரண்டு அறை. வேலைக்கு கிரேஸ் டீச்சரும், உதவிக்கு மலாய்க்கார அக்கா கக் ரொக்கியாவும்தான். போன முதல் நாளே தேவி டீச்சர் கையைக் கடித்துவிட்டாள்.

நான் பதறிப்போய் சாரி, சாரி என்று கும்பிட்டேன். டீச்சர் கையை உதறிக்கொண்டே முறைத்தார், தேவியை அல்ல, என்னை.

"எதுக்கு சாரி? பிள்ளைக்காக சாரி கேக்குறதா இருந்தா அடுத்த வாரம் வராதீங்கலா."

கக் ரொக்கியா மருந்து போட்டுக்கொண்டே "தாப்பா, தாப்பா" என்று என் முதுகைத் தட்டினார். பரவாயில்லையாம். பிறந்ததிலிருந்து தேவி விஷயத்தில் அந்த வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வியாழக்கிழமைதான் தேவிக்கு வகுப்பு. காலையில் மட்டும். ஆனால் மரம் சீவி, பால் வடியும்வரை இருந்து, எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தால் மத்தியானம் ஆகிவிடும். நாங்கள் போய்ச் சேரும்போது கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். தொடர்ந்து இப்படி வந்தால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் நோட்டை டப்பென்று மூடினார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கோபம்தான், என் மேல் இல்லை.

அடுத்த வியாழன் விடியும் முன்னே, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்கிறோம். மண்டோர் பெயர் கூப்பிடுகிறார். ஒரு பழைய கார் வந்து நின்றது. டீச்சரும் கக் ரொக்கியாவும் இறங்கினார்கள். டீச்சர் நேராக வந்து எங்கள் வரிசையில் நின்றுகொண்டார்! என்னைக் காட்டி மண்டோரிடம் சொன்னார்:

"சரசு மரத்த சீவிட்டு கக் ரொக்கியாவோட கார்ல போயிடும். பால் எடுக்க ஆள் இருக்கு."

"யாரு ஆளு?" என்றார் மண்டோர்.

"நான்தான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மண்டோருக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னா டீச்சர் வெளையாடுறீங்களா? வெளி ஆளு காட்டுக்குள்ள போக முடியாது."

"அப்போ மேனேஜரக் கூப்புடுங்க. நான் எங்கயும் போகல."

மேனேஜர் ஜீப்பில் வந்தார். ஜீப் சத்தத்தில் தேவி அலற ஆரம்பித்தாள். எஸ்டேட்டே பார்க்கிறது... நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார். மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு முதலில் பிள்ளையை அடக்கச் சொன்னார்.

"அவ அப்படித்தான் சார் பேசுவா. நீங்க உங்க பதிலச் சொல்லுங்க."

ஆளை விட்டால் போதும் என்று மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் மரம் சீவி முடித்ததும் கக் ரொக்கியா எங்களைக் காரில் கூட்டிப்போக, டீச்சர் பால் எடுக்கப் போனார். நிறைந்த வாளியோடு மேட்டில் வழுக்கி, தலையிலிருந்து கால்வரை பால்! முடியில் பால் உறைந்தால் சீப்பு இறங்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் ஆம்பிளை கிராப்பில் வந்து, "ஸ்டைல் எப்படி?" என்று கேட்டார்.

அதைப் பார்த்த பிறகு பக்கத்து மர நிரையில் வேலை செய்த பெண்களுக்கே தாங்கவில்லை. "நீங்க போங்க டீச்சர், நாங்க எடுக்குறோம்" என்று முறை போட்டுக்கொண்டார்கள். வியாழன் தவறாமல் தேவி வகுப்புக்குப் போனாள்.

டீச்சரை மேலிடத்தில் கூப்பிட்டுத் திட்டினார்களாம், ஆபீஸ் நேரத்தில் எஸ்டேட் வேலை பார்த்ததற்கு. "அப்படின்னா வகுப்ப சாயங்காலம் வைங்க" என்று சொல்லிவிட்டு வந்தாராம். இதுதான் உங்கள் சாந்தமான டீச்சர்.

தேவிக்கு இப்போது நாற்பது ஆகப்போகிறது. இன்னும் பேச்சு இல்லை. எந்த ஹோமுக்கும் போகவில்லை, என் வீட்டில்தான் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறாள்.

சற்று முன் டீச்சரின் உறவுக்காரப் பையன் போன் செய்தான். "ஆன்ட்டி, நாளைக்கு சர்ச்சுக்குப் பெரிய ஆளுங்கல்லாம் வராங்க... தேவிய யார்கிட்டயாச்சும் விட்டுட்டு வரீங்களா? சத்தம் போட்டுச்சுன்னா..."

"முடியாது தம்பி" என்று போனை வைத்துவிட்டேன்.

கூட்டிக்கொண்டுதான் வருவேன். முன் பெஞ்சில்தான் உட்காருவோம். கத்தினால் கத்தட்டும், ஒருவரிடமும் நான் சாரி கேட்கப்போவதில்லை.

போய் வாருங்கள் டீச்சர்.