தலைமையாசிரியர் ஏழு

பொன்னாயி முனைவர் பட்டத்துக்குப் படித்தது அறிவை வளர்த்துக்கொள்ள என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழி தீர்க்கத்தான் படித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருப்பவள் சொல்கிறேன், எனக்குத் தெரியாதா?

வெண்ணந்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரே ஊர். நான் ஊருக்குள், காடு தோட்டம் உள்ள வீடு. அவள் காலனி. இப்போது ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரே அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறோம். அவள் கணக்கு, நான் தமிழ்.

நாங்கள் ஆறாம் வகுப்புப் படித்தபோது மருதாசலம் என்பவர் தலைமையாசிரியர். வருகைப் பதிவேட்டில் ஊருக்குள்ளிருந்து வரும் எங்கள் பெயரையெல்லாம் நீல மையில் எழுதுவார். காலனிப் பிள்ளைகள் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவார். உதவித்தொகைக்குப் பெயர் எடுக்க வசதி என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் அந்தச் சிவப்புப் பெயர்களை வைத்து இன்னொரு காரியமும் செய்தார். மேலிருந்து கீழாக, நாளைக்கு இரண்டு பேர் என்று முறை போட்டுக் கக்கூஸ் கழுவ அனுப்பினார். நீலப் பெயர் ஒன்றுகூட அந்த முறையில் வந்ததில்லை. வந்திருந்தால் அப்பன்மார் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றிருப்பார்கள்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் பொன்னாயி முதல், நான் இரண்டாவது. பரிசு கொடுத்த அன்றைக்கு அவளுக்கு முறை. பாவாடையெல்லாம் நனைந்து பினாயில் நாற்றத்தோடு ஓடி வந்தவளை, "இப்பிடியேவா மேடைக்கு வருவ? வெளிய நில்லு" என்று நிறுத்திவிட்டு, முதல் பரிசான ஜாமெட்ரி பாக்ஸை என் கையில் கொடுத்தார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். திட்டி என்ன செய்ய?

முப்பத்தாறு வயதில் பகுதி நேர ஆய்வுக்குப் பதிவு செய்தாள். கல்வியியல் துறை. பள்ளித் தலைமையும் சமூக நீதியும் என்பது தலைப்பு. நெறியாளர் சௌந்திரம் அம்மாள், கறாரான மனுஷி. சனிக்கிழமை தவறாமல் பொன்னாயி டேப் ரெக்கார்டரும் கையுமாகப் பஸ் ஏறினாள். ராசிபுரம், சேந்தமங்கலம், சேலம் என்று அலைந்து, வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக இருபத்திரண்டு தலைமையாசிரியர்களைப் பேட்டி எடுத்தாள். ஏழாவது ஆள் மருதாசலம்.

துணைக்கு நானும் போயிருந்தேன். எண்பதைத் தாண்டியும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். "நம்ம பொன்னாயியா! கணக்குல மொதலா வருவியே. நாங் கண்டிச்ச கண்டிப்புலதான அம்மிணி இந்த நெலைக்கு வந்திருக்கற" என்று காப்பி கொடுத்தார். அவள் கேட்கக் கேட்க அளந்தார். தான் இருந்தபோது எத்தனை வகுப்பறை, எத்தனை மரம், எத்தனை தேர்ச்சி, எல்லாம் விரல் நுனியில். அவள் ஒரு வருடத்தை மாற்றிச் சொன்னபோது பாதிப் பேச்சில் நிறுத்தித் திருத்தினார். கக்கூஸ் பற்றிக் கேட்டதும் கூச்சப்படவே இல்லை.

"ஆயா போஸ்டிங் இல்ல. யாராச்சும் செஞ்சுதான ஆவோணும்? அவுங்க புள்ளைங்களுக்கு அது பழகுன வேல. ஊருக்குள்ள இருந்து வார புள்ளைங்களச் செய்யச் சொல்ல முடியுமா?"

எதிரில் உட்கார்ந்திருப்பவளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவர் பெயர் எங்கும் வராது என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

ஆனால் முதல் வரைவில் அவர் பெயரை முழுசாக, இனிஷியலோடு போட்டுவிட்டாள். சௌந்திரம் அம்மாள் பதினோரு இடத்தில் அடித்தார்.

"எழுத்துல வாக்குக் குடுத்திருக்கற. பேர் வந்தா பட்டம் போயிரும் பொன்னாயி. தலைமையாசிரியர் ஏழுன்னு போடு."

"பேரு இல்லாம எனக்கு எதுக்குங்க மேடம் அந்தப் பட்டம்?"

"அப்ப நிறுத்திக்கோ."

நிறுத்தவில்லை. ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்துவிட்டு, பதினோரு இடத்திலும் தலைமையாசிரியர் ஏழு என்று மாற்றினாள். அந்த வாரம் அவள் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் பொது வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. நடப்பது வேறு. சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து, சுளுவான கேள்வியாக நாலு எழுதி நம்ம ஆட்களிடமே கொடுத்துவிடுவார்கள். எனக்கும் ஒரு சீட்டு வந்திருந்தது. இவள் செய்த விசேஷம், மருதாசலத்தை நேரில் போய் அழைத்ததுதான். பழைய மாணவி டாக்டர் ஆகிறாள், அழைத்தால் எந்த வாத்தியாருக்குத்தான் கசக்கும்? வெள்ளை வேட்டி மடமடக்க, ஓய்வு பெற்ற ஆசிரியர் சங்கத்திலிருந்து ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தன்னைப் பற்றி ஏதாவது பெருமையாக வரும் என்று அவர்களிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

பொன்னாயி ஆரம்பித்தாள். முதல் ஆறு தலைமையாசிரியர்கள் பேச்சு வரும்போது மருதாசலம் "அடடா" என்று தலையாட்டினார். ஏழு வந்தது. சிவப்பு மை வந்தது. "அவுங்க புள்ளைங்களுக்கு அது பழகுன வேல" என்று அவர் வாக்கியத்தை அப்படியே வாசித்தாள். தலையாட்டல் நின்றது. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்துகொண்டார். பேசாமல் இருந்தால் தப்பித்திருப்பார். அரங்கில் அது யாரென்று யாருக்குத் தெரியும்?

"இப்படி நாளொன்றுக்கு எட்டுக் குழந்தைகள் கழிப்பறை கழுவ அனுப்பப்பட்டார்கள்" என்றாள் பொன்னாயி.

மருதாசலம் விசுக்கென்று எழுந்தார்.

"எட்டா? அபாண்டமாப் பேசாத அம்மிணி! நாளைக்கு ரெண்டே ரெண்டு பேருதான். மொற போட்டவன் நானு, எனக்குத் தெரியாதா?"

சங்கத்து ஆட்கள் ஆறு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டினார்.

"இதில் இரண்டு என்றுதானே இருக்கிறது?"

"ஆமாங்க சார். நூற்றுப் பதினான்காம் பக்கம். நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஐயா சொன்னதுதான் சரி. அவருக்குத்தான் தெரியும்."

சௌந்திரம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. சீட்டில் இருந்த கேள்வியைக் கேட்கவே மறந்துவிட்டேன்.

பட்டத்துக்குப் பரிந்துரை என்று அறிவித்த பிறகு, வராந்தாவில் அவளை இழுத்து நிறுத்திக் கேட்டேன். "வாய் தவறுச்சா?"

"கணக்குல நான் தப்புப் பண்ணுவனா?" என்றாள்.

மருதாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட வந்த ஆறு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்கள். என் மனம் துளிகூட இரங்கவில்லை.

"இத்தன பேரு முன்னால என்ர மானத்த வாங்கிப்போட்டியே அம்மிணி. அன்னிக்கு எல்லாரும் செஞ்சதத்தான நானும் செஞ்சன்? மன்னிப்பு வேணும்னாக் கேட்டுக்கறன் சாமி. இதோட வுட்ரு."

"எங்கிட்ட மட்டும் கேட்டா எப்படிங்கய்யா? அந்த வருசத்துப் பதிவேட்டுல செவப்பு மையில இருபத்தெட்டுப் பேரு இருந்தோமுங்க. ரெண்டு பேரு செத்துப் போயிட்டாங்க, அவுங்க புள்ளைங்ககிட்டக் கேட்டுக்குங்க. ஒவ்வொரு ஊடாப் போங்க. காலனிக்குள்ள கார் வராது, நடந்துதான் போவோணும். எங்க ஊட்டுக்குக் கடைசியா வாங்க. அப்பறம் யோசிக்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கைப்பையைத் திறந்து, பெயரும் முகவரியுமாக இருபத்தெட்டு வரி தட்டச்சு செய்த காகிதத்தை அவர் சட்டைப் பையில் மடித்து வைத்தாள்.