காஜா அக்கா கேட்ட கத்தரிக்கோல்

தையல் கடையில் முப்பத்தோரு வருஷம் சட்டைகளுக்குக் காஜா எடுத்தவள் என்பதால் காஜா அக்கா என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பொத்தான் நுழையும் சின்னத் துளையைச் சுற்றி நூல் கோக்கும் அந்த வேலையில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாயும் அப்படித்தான். அவள் பேச ஆரம்பித்தால் கடையில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் பக்கவாதம் வந்தது. கை கால் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. வார்த்தைகள்தான் இடம் மாறிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் அண்ணனைக் காட்டி, இவர் யார் என்று கேட்டபோது, "அலமாரி" என்றாள். மனதில் அண்ணன் என்றுதான் இருந்தது, வாயில் வந்தது அலமாரி. அண்ணனும் ஏறக்குறைய அந்த வாகில்தான் இருப்பார் என்பது வேறு விஷயம்.

அண்ணன் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பூட்டி வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. தங்கை மேல் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பாசத்தோடு டாக்டரின் சான்றிதழை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அவளுடைய வீடு, வைத்தியம், கையெழுத்து எல்லாவற்றுக்கும் இனி அவரே பாதுகாவலர் என்று கால் மணி நேரத்தில் உத்தரவாகிவிட்டது. அவளை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பழைய சட்டத்தில் அதற்கு அவசியமும் இல்லை.

மறுநாளே பெட்டியோடு தங்கை வீட்டில் குடியேறினார். அடுத்த தெருவிலிருந்த அண்ணி, "நீங்க போய் நல்லா பாத்துக்குங்க, அவசரமே இல்ல" என்று முகமெல்லாம் மலர வழியனுப்பி வைத்தாள்.

ஊசி குத்திவிடுமென்று தையல் மெஷினுக்கு ஒரு பூட்டு. வழி தவறிவிடுவாள் என்று வாசல் கதவுக்கு இன்னொன்று. அவள் தலைமுடியை எப்போது வெட்டுவது என்பதைக்கூட அவரே முடிவு செய்தார். இரண்டு வருஷத்தில் பேச்சு திரும்பி வந்துவிட்டது. நாலைந்து வார்த்தைகள் மட்டும் இன்னும் பிடிவாதமாக ஆள்மாறாட்டம் செய்துகொண்டிருந்தன. ஆனால் கோர்ட்டுக் காகிதத்தில் அவள் அப்போதும் ஒன்றும் தெரியாதவள்தான். கடைக்காரர் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டபோது, அவள் கையெழுத்து செல்லாது என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று அவள் அவரைத் திட்டியதில் பாதி காய்கறிப் பெயர்களாக வந்தது. சமையலுக்குச் சொல்கிறாள் என்று அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் அவளுடைய தோழி. ஞாயிறுதோறும் வந்து பார்ப்பாள். புதுச் சட்டம் வந்த செய்தியைக் கொண்டுவந்தது அவள்தான். இனி இந்த உத்தரவுகளை வருஷத்துக்கு ஒருமுறை கோர்ட் திரும்பப் பார்க்க வேண்டும், சம்பந்தப்பட்டவரை நீதிபதியே நேரில் கேட்க வேண்டும், ஒருவர் தானே செய்யக்கூடியதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது என்றாள். இருவருமாக அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினார்கள். அண்ணன் பக்கத்து அறையில் மதியக் குறட்டையில் இருந்தார்.

இரண்டு வாரத்தில் கோர்ட்டிலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். தனியாகப் பேச வேண்டுமென்று அண்ணனைச் சமையலறைக்கு அனுப்பினார். கேட்ட கேள்விக்கெல்லாம் சமையலறையிலிருந்து பதில் வந்தது. வந்தவர் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். காஜா அக்காவுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

விசாரணையன்று நீதிபதி, சின்ன வயதுப் பெண், அவளைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணன் எழுந்து, அவளுக்கு ஓய்வுதான் வேண்டும் என்றார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார். காலையிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியத்தைக் காஜா அக்கா நிதானமாகச் சொன்னாள்.

"என் வீட்டுக் கத்தரிக்கோல் என்கிட்ட இருக்கணும்."

அண்ணன், பார்த்தீர்களா என்பதுபோல் கைகளை விரித்தார். அவளுக்கு முகம் சுட்டது. ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு கையை முன்னால் நீட்டி, பூட்டைத் திறப்பதுபோல் திருப்பினாள்.

"சாவியா?" என்றார் நீதிபதி.

"அதேதாம்மா. வார்த்தைதான் தப்பா வருது. கேக்கறது தப்பில்ல."

புரியாத காகிதம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்டார். கட்டிங் மாஸ்டரைப் படித்துச் சொல்லச் சொல்வேன், புரிகிற வரைக்கும் அவளை விடமாட்டேன் என்றாள். அண்ணன் கொடுமைப்படுத்துகிறாரா என்றும் கேட்டார்.

"இல்லம்மா, ரொம்ப நல்லவர். ஆனா என்னை ஸ்டாக்ல வெச்சிருக்கார்."

கோர்ட் குமாஸ்தா சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் குனியவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய உத்தரவு ரத்தானது. வீட்டை விற்பது, பெரிய கடன் வாங்குவது, இந்த இரண்டுக்கு மட்டும் அவளே தேர்ந்தெடுக்கும் ஒரு துணையாளும் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கட்டிங் மாஸ்டர் பெயரைச் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன், "நான் உன்னைக் கஷ்டப்படுத்திட்டேனா?" என்றார்.

"கொஞ்சம்," என்றாள். பிறகு, "அடிக்கடி வாங்கண்ணா. மணி அடிச்சுட்டு வாங்க."

மறுநாள் அவர் பெட்டியோடு திரும்பிப் போனார். லீவு முடிந்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அண்ணி வாசலில் நின்று வரவேற்றாளாம்.

காஜா அக்கா கடைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்து, யாரையும் கேட்காமல் முன்னறைச் சுவருக்கு ஊதா வண்ணம் அடித்தாள். பார்க்க வந்த அண்ணன் நடு அறையில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். எவ்வளவோ அடக்கிப் பார்த்துவிட்டு, கண்ணை உறுத்துகிறது என்று சொல்லிவிட்டார். அவளுக்கே இரண்டாம் நாளிலிருந்து அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

"ஆமாண்ணா, நல்லாவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.