நிஜக் கரடி

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. சைகை சொல்லித்தரும் பள்ளிக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகக் கையை ஆட்டிச் சமாளித்தோம். அப்பா ஒருமுறை ஒரு கார்ட்டூன் பட சிடி வாங்கி வந்தார். தாயைப் பறிகொடுத்த கரடிக்குட்டியின் கதை. கோபம் வந்தால் கரடியின் புருவம் நெற்றிவரை ஏறும். பயந்தால் இரண்டு கையாலும் காதை இழுத்துக்கொள்ளும். அந்த முகங்களைப் பார்த்தே தங்கை கதை முழுவதையும் பிடித்துக்கொண்டாள். காதை இழுத்தால் பயம், மூக்கைத் தேய்த்தால் பசி என்று எங்கள் வீட்டுப் பேச்சு அதிலிருந்துதான் உண்டானது.

கல்யாணமாகி, திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் வருவதை நிறுத்திக்கொண்ட பிறகு, தங்கை தன் மகளோடு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளுக்கும் அதே படத்தைப் போட்டுக்காட்டி, அதே சைகைகளில் பேசித்தான் வளர்த்தாள்.

அந்தக் கதையை நிஜ விலங்குகள் போலவே கம்ப்யூட்டரில் செய்து, தமிழில் பேசவைத்துத் திரும்ப எடுத்திருந்தார்கள். போஸ்டரைப் பார்த்ததிலிருந்து தங்கைக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூவரும் பஸ் ஏறி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அரியலூர் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

படம் தொடங்கியதும் மகள் துள்ளினாள். "பெரியம்மா, நெசக் கரடியேதான்! முடியெல்லாம் காத்துல ஆடுது பாருங்க!"

ஆடத்தான் செய்தது. ஆனால் அந்தக் கரடிக்குப் புருவம் இல்லை. சந்தோஷத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே முகம். வாய் மட்டும் லேசாகத் திறந்து மூடியது. தங்கை என் முழங்கையைத் தட்டி, யார் பேசுவது என்று கேட்டாள். காட்டினேன். மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். தாய்க்கரடி சாகும்போது சுற்றிலும் மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோரும் எதற்கு அழுகிறார்கள் என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அசையாத அந்த முகத்தை வைத்து, இதுதான் தாய் சாகும் இடம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை; தூங்குகிறது என்று நினைத்திருக்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில், தாய்க்கரடி என்ன சொன்னது என்று மகளிடம் கையால் கேட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அது நெறையப் பேசுச்சு பெரியம்மா. அதெல்லாம் கையால சொல்ல வராது."

"வந்த வரைக்கும் சொல்லு கண்ணு."

"காத இழுக்கறது, மூக்கத் தேய்க்கறதெல்லாம் பொம்மக் கரடிதான் பண்ணும். நெசக் கரடி பண்ணாது. ஸ்கூல்ல பாத்தா சிரிக்கிறாளுங்க. நான் இனிமே பண்ணமாட்டேன்."

நானே கையால் சொன்னேன்: சாகும்போது, தைரியமாக இரு, நான் உன்கூடவே இருப்பேன் என்றது. தங்கை தலையை ஆட்டி மறுத்தாள். பழைய படத்தில் தாய் அப்படிச் சொல்லவில்லை, என்னைப் பார்க்காதே, ஓடு என்றுதான் சொன்னது என்று காட்டினாள். பழைய படத்தில் தாய் ஒரு வார்த்தையும் பேசாமலேதான் சாகும். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

சொன்னபடியே மகள் கையை அசைப்பதை விட்டுவிட்டாள். தங்கை சில நாள் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மகள் கையைத் தட்டிவிட்டாள். இப்போதெல்லாம் எது வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறாள்.

"பெரியம்மா, நாளைக்கு எனக்கு லெமன் சாதம் வேணும்னு அம்மாட்ட சொல்லுங்க."

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் கையால் சொல்கிறேன். சரி என்கிறாள், என்னிடம்.