ரிவர்ஸில் கிடைத்த வேலை

டிரைவர் சங்க மலருக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ஹெவி லைசென்ஸ் எடுத்த புதுப் பையன்கள், முதலில் எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று சங்கத்தில் வந்து கேட்கிறார்களாம். சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்பதை யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். அதற்குத் தக்கபடி வாசியுங்கள்.

1. திருப்பூர் நாற்காலி

எனக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பல வருடம் லாரியில் கிளீனர். சிவனாண்டி அண்ணன் ஓட்டுவார். நான் இடது பக்கம் இருப்பேன். கேரளாவுக்கு வைக்கோல், காய்கறி.

கிளீனர் வேலையில் முக்கியமானது ரிவர்ஸ். வண்டி பின்னால் வரும்போது குதித்து இறங்கி, பின்பக்கம் ஓடி, பாடியைத் தட்டிச் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு என்றால் வரலாம். ஒரு தட்டு என்றால் நில். ரிவர்ஸ் கியர் விழும் சத்தம் கேட்டால் நான் தூக்கத்திலும் இறங்கிவிடுவேன். ஒரு தடவை வீட்டில் படுத்திருந்தபோது தெருவில் எவனோ டிராக்டரைப் பின்னால் எடுத்தான். நான் எழுந்து வாசல் வரை போய்விட்டேன். என் மனைவி செல்விதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தாள். இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன். பின்னால் வரும்.

சிவனாண்டி அண்ணனுக்குக் கண் மங்கிவிட்டது. வண்டியை விற்றார்கள். அதற்குள் நான் ஹெவி எடுத்துவிட்டேன். லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. வண்டி கொடுக்கத்தான் ஆள் இல்லை. போன இடமெல்லாம் ஒரே பேச்சு.

"அனுபவம் இருக்கா?"

"கிளீனரா இருந்தேண்ணே."

"ஓட்டுன அனுபவம் இருக்கான்னு கேட்டேன்."

"வண்டி குடுத்தாத்தானண்ணே ஓட்ட முடியும்."

"எங்கயாச்சும் ஓட்டிப் பழகிட்டு வா, குடுக்குறேன்."

செல்வியின் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அவர் போன் செய்தார்.

"மாப்ள, எதுக்கு இப்பிடி அலையுறீக? நம்ம கம்பெனி கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வேணும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சேர் போட்டுக் குடுக்குறேன், சும்மா உக்காந்திருந்தாப் போதும். சும்மா இருக்கது உங்களுக்கு என்ன புதுசா?"

செல்வி முடிவு செய்துவிட்டாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எனக்கு வண்டி கிடைக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளைத் திருப்பூரில் சேர்த்துவிட்டு எல்லோரும் அங்கே போய்விட வேண்டும். மச்சான் கார் உள்ளே வரும்போது நான் எழுந்து கேட்டைத் திறக்க வேண்டும். நினைத்துப் பார்த்தேன். மறுநாளே திரும்ப வேலை தேடிக் கிளம்பினேன்.

2. மேலூர்

மேலூரில் ஒரு கிரானைட் லாரி முதலாளி ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். போனேன். பெரிய ஆபீஸ். ஏசி. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹெவி இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

"கண்ணு தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அப்பறம் என்ன. ஒரு வண்டி சும்மா நிக்கிது. பர்மிட் வேலை முடியவும் போன் பண்றேன். வந்து சாவிய வாங்கிக்க. ட்ரயலு கிய்யலெல்லாம் வேணாம்."

அவர் சொன்ன சம்பளம் நான் நினைத்ததைவிட அதிகம். இருந்தாலும் கேட்டேன்.

"முன்ன இருந்த டிரைவரு எங்கண்ணே?"

"போய்ட்டான்."

"அதுக்கு முந்துன டிரைவரு?"

"அவனும் போய்ட்டான். இங்க எவன் நிக்கிறான்? நீயாச்சும் நில்லு."

அப்போது அவருக்கு ஒரு போன். தூத்துக்குடிக்குக் கல் ஏற்றிப் போன அவருடைய டிரைவர் ஒருவர், வழியில் சென்டர் மீடியனில் ஏற்றிவிட்டாராம்.

"மீடியன்லயா? பம்பரு? போச்சா. ஹெட்லைட்டு? ரெண்டுமா? ரேடியேட்டரக் குனிஞ்சு பாரு. ஒழுகுதா? கல்லு நகந்துச்சா? வைப்பரா? வைப்பரு ஏன்டா ஒடையிது, அது மேலல்ல இருக்கு! சரி, வையி."

லாரியில் உள்ள அத்தனை உறுப்பையும் நலம் விசாரித்துவிட்டார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வண்டி மேல் இவ்வளவு அக்கறை உள்ள முதலாளியை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னேன்.

"கெடச்சிருச்சு."

"ஓட்டிக் காட்டச் சொன்னாகளா?"

"இல்ல."

"ஓட்டத் தெரியுமான்னு பாக்காமயா அம்புட்டுப் பெரிய லாரியக் குடுக்குறாக? மாடு வாங்குறவன்கூடப் பல்லப் பிடிச்சுப் பாப்பானே. இன்னொரு எடத்துலயும் கேட்டு வைங்க."

அவள் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசுவதே குறைவு.

3. ரிங் ரோடு ஷெட்

இன்னொரு இடம், மதுரை ரிங் ரோட்டில் ஒரு ஷெட். அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம் ஏற்றுவார்கள். முதலாளிக்கு வீடு கோரிப்பாளையம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருடைய அத்தா, அதாவது அப்பா, ஆரம்பித்த டிரான்ஸ்போர்ட். அத்தா லாரி ஓட்டியவர். பாய்க்கு ஸ்கூட்டர்கூட வராது. பிறந்ததிலிருந்து இடது பக்க சீட்தான். அவரே சொன்னார்.

ஆபீஸ் என்பது ஷெட்டுக்குள் ஒரு சின்ன அறை. அதில் ராமநாதன் சார் என்று ஒரு கணக்கர். மதியம் ஆகிவிட்டது. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

"ஓட்டிக் காட்டுறியா, ஒச்சு?" என்றார் பாய். ஒச்சு என் பெயர்.

காலி வண்டி. பாய் இடது பக்கம் ஏறிக்கொண்டார். ரிங் ரோட்டில் போய்த் திரும்பி வந்தேன். வண்டி குலுங்கவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் மெதுவாக இறக்கினேன். ஆட்டுக்காரருக்கு நின்று வழி விட்டேன். பாய் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பயமில்லாமல் போனில் பேசும் அளவுக்கு ஓட்டுகிறேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. திருப்பூர் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஷெட்டுக்குள் வந்தோம்.

"அப்பிடியே பின்னால எடுத்து ஆபீஸ் ஓரமா விட்டுரு" என்றார் பாய். போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். கடக் என்று விழுந்தது. கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

நான் இறங்கிவிட்டேன்.

அந்தச் சத்தம் கேட்டால் என் கால் என்னைக் கேட்பதில்லை. கதவைத் திறந்து குதித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் போய் நின்றேன். பாடியை இரண்டு தட்டு தட்டினேன்.

"வரட்டும்... வரட்டும்... லைட்டா லெஃப்ட் ஒடிங்க... ஒடிங்கண்ணே..."

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று. டீசல் வண்டி. கியரில் இருந்தால் ஆக்சிலேட்டர் மிதிக்காமலே ஊர்ந்து வரும். அது ஊர்ந்து வந்தது. லெஃப்ட் ஒடிக்கவில்லை. நேராக ஆபீஸ் ஜன்னலைப் பார்த்து வந்தது.

ஒரு தட்டு தட்டினேன்.

"ஓல்டான்!"

நிற்கவில்லை. ஓங்கித் தட்டினேன்.

"ஓல்டான்! ஓல்டாங்கிறேன்ல! அண்ணே, காது அடைச்சிருச்சா? ஆபீஸ் இருக்குண்ணே!"

டிரைவர் மேல் எனக்குக் கடும் கோபம். யார் இந்த ஆள், தட்டத் தட்ட வருகிறான் என்று எட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டிரைவர் யார் என்பது நினைவுக்கு வந்தது.

பாய் இடது ஜன்னலில் தலையை நீட்டினார்.

"யா அல்லா! ஒச்சு! நீ ஏன்பா கீழ நிக்கிற?"

"பாய், பிரேக்க மிதிங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

"நான் இந்தப் பக்கம்ல இருக்கேன்!"

"அந்தப் பக்கம் தாவுங்க!"

உள்ளே வேட்டி தெரிந்தது. கால் தெரிந்தது. வேட்டி கியர் ராடில் மாட்டிக்கொண்டது.

"மூணு கெடக்கு! எத மிதிக்க?"

"நடுவுல உள்ளது!"

மிதித்தார். கிளட்ச் இல்லாமல் வெறும் பிரேக். வண்டி ஒரு உதறு உதறி எஞ்சின் ஆஃப் ஆகி நின்றது. பின்கதவுக்கும் ஆபீஸ் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கை நுழையும். உள்ளே ராமநாதன் சார் டிபன் பாக்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாய்," என்றார், "லோட என் மேசையிலயா எறக்கணும்?"

4. வாட்ச்மேன்

பாய் இறங்கினார். வேட்டியில் கிரீஸ். நேராக என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நின்றேன். நியாயம்தான்.

"ஒனக்கு எங்கயும் படலயே? பின் டயர் பக்கம் நின்னியே."

"இல்ல பாய்."

"கால்ல? கையக் காட்டு."

காட்டினேன். பார்த்துவிட்டுத்தான் பின்கதவைப் போய்ப் பார்த்தார். நான் என் பையை எடுத்தேன்.

"வாரேன் பாய்."

"எங்க போற?"

"திருப்பூர்."

"அங்க எந்த டிரான்ஸ்போர்ட்டு?"

"டிரான்ஸ்போர்ட் இல்ல பாய். மச்சான் பனியன் கம்பெனி. வாட்ச்மேன்."

பாய் சிரிக்க ஆரம்பித்தார். நிற்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க போயி கேட்டத் தெறந்து போட்டுட்டு, நீ வெளிய நின்னு காவல் பாப்பியே!"

ராமநாதன் சாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

"பைய வையி" என்றார் பாய். "அந்தச் செவுத்தப் பாரு."

ஷெட்டின் சுவரைப் பார்த்தேன். வரிசையாகக் காரை பெயர்ந்திருந்தது. முன்பு இருந்த டிரைவர்கள் பின்னால் எடுத்து இடித்த இடங்கள்.

"ஒருத்தனாச்சும் எறங்கிப் பின்னாடி என்ன இருக்குன்னு பாத்ததில்ல. நீ பாத்த. வண்டிய நிறுத்திட்டுப் பாத்திருக்கலாம். அது வேற. ஏறு. இன்னொரு தடவ எடு. சார், நீங்க பின்னாடி நில்லுங்க."

"நானா?" என்றார் ராமநாதன் சார். "சாப்ட்டு வரேன் பாய். இது கடைசிச் சாப்பாடா இருந்தாலும் இருக்கும்."

சாப்பிட்டுக் கை கழுவி வந்து நின்றார். பாய் இந்தத் தடவை ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே ரோட்டில் போய் நின்றுகொண்டார்.

முன்னால் எடுத்து நிறுத்தி, திரும்ப ரிவர்ஸ் போட்டேன். கடக். இடது கையால் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் இடது புறம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "சற்றே பொறுங்கள். ஆம், வரலாம். போதும். போதும் என்கிறேன்!"

அப்படி ஒரு கிளீனரை நான் கேட்டதில்லை. தட்டுக்குப் பதிலாக மரியாதை. ஆபீஸ் ஓரமாக நேராக நிறுத்தினேன்.

5. பம்பர்

டீ வாங்கிக் கொடுத்தார் பாய்.

"மொத ஆறு மாசம் பக்கத்து லோடுதான். தேனி, கம்பம், அம்புட்டுத்தான். சம்பளம் பெருசா இருக்காது. ஒரு கண்டிசன். நான் வண்டியில இருக்கப்ப நீ எறங்கக் கூடாது."

பதில் சொல்லுமுன் என் போன் அடித்தது. மேலூர் முதலாளி. கொஞ்சம் தள்ளிப் போய் எடுத்தேன்.

"பர்மிட் முடிஞ்சிருச்சு. நாளைக்கி வந்து சாவிய வாங்கிக்க."

அங்கே சம்பளம் அதிகம். பெரிய வண்டி. யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததும் கிடையாது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறொன்று வந்துவிட்டது.

"அண்ணே, அன்னைக்கி மீடியன்ல ஏத்துனாருல்ல ஒரு டிரைவரு. அவருக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

"எவன்? ஓ, அதுவா. பம்பர் மாத்தியாச்சு."

திரும்பி ஷெட்டைப் பார்த்தேன்.

"என்னப்பா, வாரியா?"

"இல்லண்ணே. வேற எடத்துல சேந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு வந்து டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் மச்சானிடம் பேசினேன்.

"மாப்ள, சேர் வாங்கிப் போட்டாச்சு. எப்ப வாரீக?"

"நீங்களே உக்காந்துக்கங்க மச்சான்" என்றேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

பையன்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சம்பளம் பாருங்கள். வண்டியின் டயர் பாருங்கள். ஆனால் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் ஒருநாள் வண்டி எங்கேயாவது இடிக்கும். நீங்கள் போன் செய்வீர்கள். அப்போது முதலாளி முதலில் கேட்பது வண்டியையா, உங்களையா என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்ளுங்கள். எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் தெரிந்துகொண்ட முறை சரிப்படாது.

இன்னமும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்குமுன் இன்னமும் இறங்கிப் பின்னால் போய்ப் பார்க்கிறேன். ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு.

ராமநாதன் சார் அப்போதும் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்.