மருமகளை அழவைக்கும் கிழங்கு

சுல்கா குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் தெயோபிலோ. அவன் படிக்க வேண்டும் என்று அக்கா சிப்ரியானா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டாள்.

லிமா நகரத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் மூவரை அந்த ஆகஸ்டில் உவாங்காவெலிகா மலைமேல் தன் ஊருக்குக் கூட்டி வந்தான். அக்கா ஆடு மேய்க்கப் போயிருந்தாள். தானே உருளைக்கிழங்கு சுட்டுப் போடலாம் என்று மண்கட்டிகளை அடுக்கி மூட்டம் போட்டான். பரணில், வைக்கோலுக்கு நடுவே, முண்டும் முடிச்சுமாகக் கருஊதாக் கிழங்குகள் பதினொன்று கிடந்தன. பார்க்க அழகு. விட்டிருந்த அரும்பை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, அவ்வளவையும் நெருப்பில் இட்டான்.

வேகும்வரை தெயோபிலோவின் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"நம்ம ஸ்பானிஷ்ல பாப்பான்னு ஒரு சொல்லு. போப்பாண்டவரும் பாப்பா, அது கிரேக்கத்துல இருந்து வந்தது. கொஞ்சம் இழுத்துச் சொன்னா அப்பா, அது பிரெஞ்சு. இந்தக் கிழங்கும் பாப்பா, அது எங்க மலைப் பாஷை, கெச்சுவா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மவோரிக்காரங்களுக்குப் பாப்பான்னா பூமி. தமிழ்னு ஒரு பாஷையில கைக்குழந்தை."

சிப்ரியானா வந்து சேர்ந்தபோது தோல்தான் மிச்சம். "உங்க தம்பி பாப்பாவப் பத்தி என்னமா பேசுறாருங்க" என்றார் ஒருவர். அவள் சிரித்தாள், கஷாயம் ஊற்றிக் கொடுத்தாள், வந்தவர்களை வண்டி ஏற்றி அனுப்பினாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"விதைக்கு வச்சதுடா. அடுத்த மாசம் எம்மவன் கல்யாணத்துல மருமக சீவ வேண்டியதும் அதுலதான் இருந்துச்சு."

"தெரியலக்கா."

"வைக்கோல்ல கெடக்குறதத் தொடக்கூடாதுன்னு எந்தப் புள்ளைக்குடா தெரியாது? சரி, அந்தக் கிழங்குக்குப் பேரு என்ன, சொல்லு."

அவனுக்கு வாயில் வரவில்லை.

பேர் 'மருமகளை அழவைப்பது'. முடிச்சுக்கு முடிச்சு கத்தியைத் திருப்பி, சதை போகாமல் அதைச் சீவிக் காட்டினால்தான் கல்யாணப் பெண்ணை மாமியார் ஒத்துக்கொள்வாள். அந்தக் கிழங்கு ஊரில் இன்னும் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அது பெண் வீடு.

மறுநாள் அங்கே போய் நின்றான். பெண்ணின் தாய் வாலென்டினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ பரீட்சை எழுதப்போற நாங்களேதான் கேள்வித்தாளும் குடுக்கணுமாக்கும், வாத்தியாரே?"

"ஆமா சம்மந்தி" என்றான், தரையைப் பார்த்தபடி.

உள்ளே போனவள் ஒரு கிழங்கும் கத்தியும் கொண்டுவந்து வைத்தாள். "மொதல்ல நீ சீவு."

சீவினான். கத்தி முடிச்சில் சிக்கியது, வழுக்கியது. கடைசியில் கையில் நின்றது கோலிக்குண்டு அளவு. யாராவது கேலி செய்வார்கள் என்று காத்திருந்தான். யாரும் செய்யவில்லை.

மணப்பெண் எல்மிரா குனிந்து தோல்களைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா சீவுனதுல சதையோட கண்ணு நெறைய நிக்குது. சாம்பல்ல பொரட்டி ஊனுனா மொளைச்சிரும். அத்தைகிட்டக் குடுங்க. கல்யாணத்துக்கு வேற ஒண்ணு நான் தாரேன், வெளிய சொல்லமாட்டேன்."

தோல்களை அவள் துணியில் முடிந்து நீட்ட, வாங்கிக்கொண்டான். அந்தப் பெண் ஒரு வார்த்தை கேலியாவது செய்திருக்கலாம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே நடந்தான்.