எண்ணெயில் இல்லாத தண்ணீர்

அலபாங் பகுதியில் ஒரு பொறியியல் அலுவலகத்தின் ஆறாம் மாடியில், அடம்பிடிக்கும் கணக்குக் கோப்பு எதுவானாலும் கடைசியில் எமெரிட்டா திமாகுலங்கனின் மேசைக்குத்தான் வந்து சேரும். ரசாயன ஆலையில் மிஞ்சிய பொருளைத் திரும்பத் தொடக்கத்துக்கே அனுப்புகிறார்கள் அல்லவா, அதைக் கணினியில் கணக்கிட முதலில் ஓர் அளவை ஊகித்துக் கொடுக்க வேண்டும். சுற்றி வரும் விடை ஊகத்தோடு ஒத்துப்போகும்வரை கணினி சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுச் சிற்றுண்டிக்குக் கிளம்பிவிடுவார்கள். எமெரிட்டா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல், ஒவ்வொரு சுற்றிலும் எந்தப் பொருளின் அளவு ஏறுகிறது என்று பார்ப்பாள். பதினோரு வருடமாக அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

குழுத்தலைவி ஜோவிட்டா, எமெரிட்டாவின் மகள் லிகாயாவை ஞானஸ்நானத்தில் ஏந்தி நின்ற ஞானத்தாய். பிள்ளையின் தாயும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவளிடம் சொல்லாததையும் மாரேயிடம் சொல்வார்கள்.

தேங்காய் எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆலை ஒன்றின் வேலை வந்தது. எண்ணெயோடு சேர்க்கும் மெத்தனாலில் மிஞ்சியதைப் பிரித்துத் திரும்பவும் சுற்றுக்கே விட வேண்டும். மூன்று வாரமாகக் கோப்பு மசியவில்லை. காரணத்தை எமெரிட்டா பிடித்துவிட்டாள். எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் வருகிறது, மெத்தனாலோடு அதுவும் திரும்பிப் போகிறது, வெளியேற வழியே இல்லை. கணக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, தண்ணீரைப் பிரிக்க ஆலையில் இன்னொரு கோபுரம் கட்ட வேண்டும் என்றாள். கோபுரம் என்றாலே செலவு, வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றாள் ஜோவிட்டா.

வெள்ளிக்கிழமை கெடு. லிகாயா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இரண்டு நாள் விடுப்பு எடு, கோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எமெரிட்டாவை வற்புறுத்தி அனுப்பியவளும் ஜோவிட்டாதான். குழந்தைக்கு வெள்ளை முக்காடுகூட அவள் வாங்கிக் கொடுத்ததுதான்.

திங்கட்கிழமை வந்தால் தட்டு நிறைய பான்சித் நூடுல்ஸ், கைதட்டல். கணக்கு முடிந்துவிட்டதாம். எமெரிட்டாவும் சிரித்தபடியே கோப்பைத் திறந்தாள். பொருட்களின் பட்டியலில் தண்ணீரைக் காணோம். கணக்கில் எண்ணெய், வெயிலில் காயப்போட்டது போல உலர்ந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ‘தயாரித்தவர்’ என்ற கட்டத்தில் அவள் பெயர்.

ஜோவிட்டாவைப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய்க் கேட்டாள்.

“இது வெறும் இடைக்கால அறிக்கை மாரே. கடைசி அறிக்கைக்கு முன்னாடி தண்ணிய நானே திரும்பப் போட்டுடறேன். லிகாயா மேல சத்தியம்.”

பிள்ளைமேல் சத்தியம் என்றதும் எமெரிட்டா நம்பிவிட்டாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். மறுநாளே ஜோவிட்டா அவளை வேறு வேலைக்கு மாற்றினாள்.

கோபுரம் இல்லாமலே கட்டிய ஆலை ஓடத் தொடங்கிய ஆறாம் வாரம், சேர்ந்துபோன தண்ணீரால் தொட்டிகளில் டீசலோடு சோப்பு நுரை பொங்கியது. விசாரணைக் கூட்டத்தில், கணக்கை யார் தயாரித்தது என்று கேட்டார்கள்.

“எமெரிட்டாதான் சார். நான் அவங்கள முழுசா நம்பினேன்” என்றாள் ஜோவிட்டா, எமெரிட்டாவின் பக்கமே திரும்பாமல்.

எமெரிட்டா தண்ணீரைச் சேர்த்திருந்த தன் பழைய கோப்பைக் காட்டினாள். முடியாத கணக்கை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? வேலை போயிற்று. அது போனதைவிட, ‘முழுசா நம்பினேன்’ என்ற அந்த வார்த்தைதான் அவளை அதிகம் சுட்டது. அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் எமெரிட்டா அல்லவா?

கிறிஸ்துமஸ் காலையில் லிகாயா புதுக் கவுன் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஊர் வழக்கப்படி அன்று ஞானத்தாயின் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்க வேண்டும். குழந்தையிடம் முடியாது என்று சொல்ல எமெரிட்டாவுக்கு வாய் வரவில்லை. கூட்டிப் போனாள்.

லிகாயா ஜோவிட்டாவின் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். ஜோவிட்டாவின் கண் கலங்கியது. நடந்ததையெல்லாம் மறந்துவிடு என்றாள்.

எமெரிட்டா குரலை உயர்த்தவில்லை.

“எண்ணெயில இருந்த தண்ணிய அழிச்சிட்ட. கோயில்ல ஞானஸ்நானத்துக்கு இவ தலையில தண்ணி ஊத்தறப்ப நீதான் இவள ஏந்திக்கிட்டு நின்ன. அந்தத் தண்ணிய எந்தப் பட்டியல்ல இருந்து அழிப்ப, மாரே?”

ஜோவிட்டா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். லிகாயா இன்னும் அதை விடவில்லை.